தொட்டால் சாகும் போர்டுகள்

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற தொழிலில் விற்பது சுலபம். வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதை எப்படித் தொடுவார் என்று நினைத்துக்கொண்டு தூங்குவதுதான் கஷ்டம். உங்களில் யாராவது கண்ணாடிச் சாமானோ மீன்குஞ்சோ விற்றிருந்தால் என் வேதனை புரியும்.

கடை சிதம்பரத்தில். கணவர் போன பிறகு நானும் மெக்கானிக் செல்வமும் பார்த்துக்கொள்கிறோம். இப்போதெல்லாம் வீடியோ பார்த்து வீட்டிலேயே எல்லாவற்றையும் பொருத்திவிடுகிறார்கள். துணி உரச உரச நம் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேரும். இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இறங்கும். நமக்கு அது எறும்புக்கடி, மதர்போர்டுக்கு இடி. அதனால் முதலில் கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் என் தொண்டை போயிற்று.

போன வருஷம் சென்னை மொத்த வியாபாரி போனில் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு போர்டு செத்துத் திரும்பி வந்தா உங்களுக்கு சரக்கு கிடையாதும்மா." சரக்கு நின்றால் கடை நிற்கும். கடை நின்றால் பகல் முழுக்க நான் யாரோடு பேசுவது? அவர் அப்படிச் சொல்லக் காரணமான இரண்டு சாவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டு விரிப்பு

புவனகிரிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மகள் காலேஜில் சேர்ந்ததற்காகப் புதுக் கம்ப்யூட்டர். நல்ல நேரம் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் மணை போட்டு, அதன்மேல் பட்டுப் பாவாடையை விரித்து, போர்டை உட்கார வைத்திருக்கிறார்கள். அப்பா தன் பட்டு வேட்டி நுனியால் அதை அழுத்தித் துடைத்துப் பொட்டும் வைத்திருக்கிறார். பிறகு அது கண்ணைத் திறக்கவே இல்லை.

"பொட்டு ஓரமாத்தாம்மா வச்சேன்" என்றார். பொட்டு பாவம், ஒன்றும் செய்யவில்லை. பட்டை உரசியதுதான் வினை என்று விளக்கினேன். மனிதர் தன் வேட்டி நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப பாலியஸ்டர்ல தொடச்சிருந்தா பொழச்சிருக்குமாம்மா?"

காப்பு

அடுத்தவர் கடலூர்க்காரர், சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவருக்கு நானே ஒரு கைப்பட்டை கொடுத்தேன். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் வரும். ஒயர் முனையில் உள்ள கிளிப்பைக் கேபினெட் இரும்பில் கவ்வவிட வேண்டும். உடம்பில் சேர்வது அந்த வழியாக இறங்கிவிடும்.

மறுவாரம் செத்த போர்டோடு வந்து நின்றார். பட்டை கட்டினீர்களா என்றேன். குளித்துவிட்டு வந்து வலது கையில் கட்டினாராம். கிளிப்பை எங்கே மாட்டினீர்கள் என்றேன். தொங்குகிறதே என்று சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் மாதிரி அந்த மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். கண்ணில் நிஜமான துக்கம். "கட்டுனதுலேருந்து கவிச்சி கூட தொடலியேம்மா!"

கடற்காற்று

வியாபாரியின் போன் வந்தது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு போர்டையும் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற பெண்ணைப் போல் புத்தி சொல்லி அனுப்பினேன். பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல உப்பு ஜாடிகூட அழுவும். அந்தக் காத்துல கரண்டு எங்கேருந்து சேரும்?" நியாயம்தான். ஈரக் காற்றில் அது தங்காது. ஆனாலும் மனசு கேட்காமல் செல்வத்தைக் கூடவே அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் செல்வத்தின் போன். "அக்கா, வந்ததுலேருந்து ஏசி ஓடுது. கீழ நைலான் கார்ப்பெட் வேற." ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்; கடற்காற்றெல்லாம் கதவுக்கு வெளியே நிற்கிறது! ஏசியை நிறுத்து, ஜன்னலைத் திற, கார்ப்பெட்டைச் சுருட்டு, அதுவரை போர்டு அதன் வெள்ளி நிறக் கவரை விட்டு வெளியே வரக்கூடாது என்றேன். போனைப் பிடுங்கி அந்தப் பெண் பேசினார்: "ஒங்க ஆளு வராருன்னுதான் ஏசியே போட்டேன். போர்டு பொழச்சா போதும், இவரு வெந்து செத்தா பரவால்லியா?"

இருவருமே பிழைத்துக்கொண்டார்கள்.

விசாரணை

கடைசியில் வியாபாரியே நேரில் வந்தார், எனக்குச் சரக்கு தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய. ஏசி காரின் வழுவழு சீட்டில் உரசியபடி இறங்கினார். பளபளவென்று ஒரு சட்டை. "உங்க கடைல மட்டும் எப்பிடிம்மா சாவுது? நாங்க தெனம் கைலதான் எடுக்குறோம்" என்றபடி மேஜையில் இருந்த புதுப் போர்டைக் கவரிலிருந்து உருவினார். "சார், மொதல்ல இரும்ப..." என்று செல்வம் ஆரம்பிப்பதற்குள் சட்டென்று ஒரு சத்தம். அவர் விரலை உதறிக்கொண்டார்.

செல்வம் போர்டை வாங்கி, கரண்ட் கொடுத்துப் பார்த்தான். வேறு மெமரி மாட்டிப் பார்த்தான். அசைவே இல்லை. இன்னும் ஒரு போர்டு என்று சொன்னாரே, அது இதுதான் என்று நான் ஷட்டரைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். போர்டை மறுபடி கவரில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது லாரிலயே செத்துடுச்சுன்னு வச்சுக்குவோம். அடுத்த லோடு திங்கக்கிழமை அனுப்பிடறேம்மா."

சரக்கு இன்றும் ஒழுங்காக வருகிறது. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவை போர்டுகள் மட்டும்தான், அவையும் செத்த பிறகு.