பட்டறையில் தொலைத்த குரல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பள்ளிபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டிய எங்கள் கூட்டத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டவனும் நான் ஒருவன்தான். எழுபத்தைந்துவாக்கில் நாலு தறி, எண்பத்திரண்டில் பதினாறு தறி. யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது.

பதினாறு விசைத்தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அதனால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஆட்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோலக் காட்டுவார்கள். தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் கட்டைவிரலைச் சுழற்றுவார்கள். முதலாளி வந்தால் மீசையைத் தடவுவார்கள். நான் கூலிக்கு ஓட்டிய காலத்தில் நானும் தடவியிருக்கிறேன்.

என் பட்டறையில் அதை ஒழித்தேன். கை தறிக்கு, வாய் பேச்சுக்கு என்று சட்டம் போட்டேன். ஒருவன் சைகை காட்ட, இன்னொருவன் நிமிர்ந்து பார்க்க, அதற்குள் நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பாயும் நாடா எத்தனை ஓட்டம் ஓடிவிடும்! "தலையத் தூக்காத, வேணுங்கறதக் கத்திக் கேளு" என்பேன். என் குரலும் அப்படி. வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசித் தறி வரைக்கும் போகும். ஒரு வருடத்தில் ஆட்கள் பழகிவிட்டார்கள். எவனும் எவன் முகத்தையும் பார்ப்பதில்லை. வேறு எந்தப் பட்டறையிலும் இப்படி வேலை நடக்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நான் நூலுக்கும் ஆர்டருக்கும் அலையும்போது பட்டறையை நடத்தியவள் என் மனைவி. அங்கே நாளெல்லாம் கத்தியவள் அவள்தான். ஏழெட்டு வருடம் கத்தினாள். குரல் கரகரத்தது. சித்தரத்தையும் பனங்கற்கண்டும் வாங்கிக் கொடுத்தேன்.

"ஆம்பளக் குரலாட்டம் ஆயிப்போச்சு உனக்கு" என்று சிரித்தேன்.

"உங்க பட்டறைல பொம்பளக் குரலுக்கு என்னங்க வேல?" என்றாள் அவள்.

பிறகு பேச்சு நடுநடுவே அறுந்து போக ஆரம்பித்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொண்டையில வெரல வெச்சுக்கிட்டு 'ஸ்ஸ்'னு சொல்லுங்க. அதிருதா?"

"இல்லீங்க."

"இப்ப 'ம்ம்'னு சொல்லுங்க."

"அதிருதுங்க, மோட்டாராட்டம்."

"உள்ள ரெண்டு சவ்வு இருக்கு. அது அதிர்ந்தாத்தான் குரல். ச, ப எல்லாம் வெறும் காத்துலயே வந்துரும். கத்திக் கத்தி இவங்களுக்கு அந்தச் சவ்வுல காய்ப்புக் காய்ச்சுப்போச்சு, உங்க கையில காய்ச்சிருக்கற மாதிரி. ஒரு மாசம் பேசவே கூடாது. குசுகுசுன்னுகூடக் கூடாது. மீறினா குரல் திரும்பாது."

அவள் பேசவில்லை. வீட்டில் பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள், தீபாவளித் துண்டு ஆர்டருக்கு நூல் போதவில்லை என்று நான் சேலம் போக வேண்டி வந்தது.

"பட்டறைல சும்மா நின்னு பாத்துக்க. வாயத் தொறக்காத. எதுன்னாலும் கையக் காட்டு" என்று பட்டறை வாசலில் நின்று சொன்னேன்.

அவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு தறிமேல் குனிந்திருந்த பதினாறு தலைகளைக் காட்டினாள். யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நடந்ததைச் சொன்னவர் இரண்டாம் தறி ஓட்டிய பெரியவர். தார்க்குச்சியில் நூல் சுற்றப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். மத்தியானம் அவள் குனிந்தபோது தாவணி முனை பெல்ட்டில் மாட்டியது. என் மனைவி மறுகோடியில் வாசலருகே நின்றாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஒரு தலை நிமிரவில்லை. ஓடிப்போய் மெயினை நிறுத்த நேரமில்லை. சுவிட்ச் பெரியவரின் தறிக்குப் பக்கத்தில் இருந்தது. கத்தினாள். அந்த மாதிரி ஒரு சத்தத்தை அந்தப் பட்டறையில் கேட்டதே இல்லை என்றார். நிமிர்ந்து பார்த்த அவர் சுவிட்சை அடித்தார். பெண்ணுக்குத் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

சாயங்காலம் நான் வந்தபோது என் மனைவி குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். எச்சிலில் ரத்தம். என்ன ஆயிற்று என்றேன். வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தோம். குரல் வரவில்லை. பையனைச் 'சாமி' என்று கூப்பிட்டால் முன்னால் வரும் சீறல் மட்டும் கேட்கும். மிச்சம் மூச்சோடு போய்விடும்.

அடுத்த வாரம் ஆட்களைக் கூப்பிட்டு, இனிமேல் சைகை காட்டலாம் என்று சொன்னேன். இரண்டாம் தறிப் பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங் மொதலாளி, கை தறிக்குன்னீங்களே, அதுக்கு இப்ப அந்த வேல இல்லீங்களா?"

வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். அன்று சுவிட்சை அடித்தவர் அவர்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியது. தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்கப் பட்டறைக்கே வந்தாள். என் மனைவி காலில் விழுந்தாள். மனைவி அவளைத் தூக்கி, காதில் வாயை வைத்து நெடுநேரம் பேசினாள். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். நான் நாலடி தூரத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போய் மெயினை நிறுத்தினேன். பதினாறு தறியும் நின்றது, எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அந்த அமைதியிலும் விட்டுவிட்டுக் காற்றுதான் கேட்டது.

நாலடி நடந்து குனிந்திருந்தால் கேட்டிருக்கும். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்தே நின்றேன். மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவும் அந்த ஒரு சமயம்தான் வாய்த்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெண் போனதும், "என்ன சொன்ன அவகிட்ட?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள் மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு சுவிட்சைக் காட்டினாள். போய்ப் போட்டேன்.