வெங்காயத்துக்குப் பால் காய்ச்சின கதை

ஜீப்பு ஓட்டுறது லேசுங்க. ஜீப்புக்குள்ள உக்காந்துகிட்டு நாட்டையே ஓட்டுறவங்கள ஏத்திக்கிட்டுப் போறதுதான் கஷ்டம். பின் சீட்டுல ஆபீசர வச்சு ஓட்டின அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் இந்த வலி தெரியும். நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். ஆனா பெரம்பலூர்ல ஒரு வளர்ச்சித் திட்ட ஆபீசுக்கு வாடகை ஜீப்பு ஓட்டினதுல, நாடு எப்படி வளரணும்னு மெட்ராஸ் சார் ஒருத்தரு சொன்ன பாடத்தையெல்லாம் கிளச்ச மிதிச்சுக்கிட்டே படிச்சேன்.

ஆளெல்லாம் ஆலைக்கு

சாரோட மொத கூட்டம் குன்னம் பக்கத்துல ஒரு ஊர்ல, ரேஷன் கடை வாசல்ல. "விவசாயத்துல ஆளு அதிகம். அதான் நாடு வளரல. பாதிப் பேரு மம்புட்டியக் கீழ போட்டுட்டுத் தொழிற்சாலைக்குப் போகணும். பக்கத்துல அரியலூர்லயே சிமெண்டு ஆலை இருக்குல்ல?"ன்னாரு. கூட்டமே தலைய ஆட்டுச்சு. தலைய ஆட்டினா டீ சீக்கிரம் வரும்னு எங்காளுங்களுக்குத் தெரியும்.

மூணு ஏக்கர் மானாவாரில சின்ன வெங்காயம் போடுற அஞ்சலை அக்கா மட்டும் எந்திரிச்சுது. "சார், காலைல இட்லி சாம்பாரு சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேம்மா."

"அதுல சின்ன வெங்காயம் கெடந்துச்சா?"

"கெடந்துச்சு. ரொம்ப ருசி."

"எல்லாரும் ஆலைக்குப் போயிட்டா, நாளைக்கு சாம்பார்ல சிமெண்டையா சார் கரைப்பீங்க?"

ஆடு திங்காத செடி

சார் ஆபீசுக்குப் போயி யோசிச்சாரு. மறு மாசமே நாட்டோட பாதை மாறிப்போச்சு. ஆலை வேணாமாம், காட்டாமணக்காம். அதோட கொட்டையிலேர்ந்து டீசல் எடுக்கலாமாம். மொதல்ல கை தட்டினது நான்தான். வழில வண்டி நின்னா வேலில ரெண்டு காய் பறிச்சு டேங்குல போட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம் பாருங்க!

ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரிக்காரர்கிட்ட சார் செடியக் கையில தூக்கிக் காட்டி, "தண்ணி வேணாம், உரம் வேணாம். ஆடு மாடுகூட வாய் வைக்காது. முந்திரிய வெட்டிட்டு இதப் போடுங்க"ன்னாரு. முந்திரிக்காரரு செடிய வாங்கி மோந்து பாத்தாரு. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. "ஆட்டுக்கு இருக்குற புத்தி எங்களுக்கு இல்லன்னு யாரு சார் உங்ககிட்ட சொன்னது?"

குனிஞ்சு போற குடிசை

திரும்ப குன்னம் பக்கம் வரோம். வயல்ல கட்டியிருந்த வெங்காயப் பட்டறையப் பாத்துட்டு சார் "நிறுத்து, நிறுத்து"ன்னாரு. பட்டறைன்னா வேற ஒண்ணும் இல்லங்க. தரையில படாம கல்லு மேல குச்சியப் பரப்பி, சுத்தியும் இடுக்கு விட்டுக் கட்டி, மேல கீத்து போட்ட கூண்டு. காத்து ஓடிக்கிட்டே இருக்கும், வெங்காயம் மாசக்கணக்குல கெடாது. சாருக்கு அது எப்படித் தெரியும்? "இந்தக் காலத்துலயும் ஜனங்க இப்படி இடுப்பொசரக் குடிசைல இருக்காங்களே!"ன்னு கண்ணு கலங்கிட்டாரு. நான் வாயத் தொறக்கல. சும்மா வர்ற சினிமாவ யாராச்சும் நிறுத்துவாங்களா?

சார் குத்த வச்சு உக்காந்து, இடுக்கு வழியா ரொம்ப மரியாதையா கேட்டாரு: "உள்ள யாருங்க? பயப்படாதீங்க. உங்க குறை என்னன்னு சொல்லுங்க."

பின்னாடி வந்து நின்ன அஞ்சலை அக்கா பதில் சொல்லுச்சு: "வெங்காயம் சார். அதுக்கு ஒரு குறையும் இல்ல, காத்து நல்லா வருது."

வெங்காயத்துக்கு மாளிகை

அந்த அவமானத்துல சாருக்கு மூணாவது யோசனை பொறந்துச்சு. வெளையறது முக்கியமில்லையாம், பாதுகாக்கறதுதான் வளர்ச்சியாம். ஊருக்கு நடுவுல ஒரு கிடங்கு கட்டிட்டாரு. சிமெண்டுச் சுவரு, தகரக் கூரை, இரும்புக் கதவு. எலி வரக்கூடாதுன்னு ஜன்னலே வைக்கல. சித்திரைல திறப்பு விழா, மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வராரு. அவரு பாக்கும்போது உள்ள வெங்காயம் இருக்கணுமேன்னு, அஞ்சலை அக்கா பட்டறைல இருக்குறதக் கொட்டிடலாம்னு ஊர்த் தலைவரு வாக்கு குடுத்துட்டாரு. அக்காவ ஒரு வார்த்தை கேக்கல.

அக்காவுக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல. அது விதை வெங்காயம். வைகாசில மழை விழுந்தா ஊனுறதுக்கு அது மட்டுந்தான் கையில இருக்கு. உள்ள வேர்த்து அழுகிட்டா மூணு ஏக்கரும் அந்த வருசம் தரிசு. எனக்கே மனசு கேக்காம, "சார், காத்து இல்லன்னா அழுகிடும் சார்"னு சொல்லிப் பாத்தேன். "கொளஞ்சி, நீ ரோட்டப் பாரு. வளர்ச்சிய நான் பாத்துக்கறேன்."

பால் பொங்குறதுக்குள்ள

திறப்பு விழா. நடுப்பகல், தகரம் கொதிக்குது. பெரிய ஆபீசர் ரிப்பன வெட்டிட்டாரு. தலைவரு, "அஞ்சல, மூட்டையக் கொண்டாரச் சொல்லு"ன்னு கத்துறாரு. அக்கா பட்டுப்பொடவை கட்டி, கையில பால் சொம்போட நிக்குது. "புது வூட்டுக்குப் பால் காய்ச்சாம குடி போவ முடியுமா சார்? நல்ல காரியம், பெரியவங்க எல்லாரும் உள்ள வந்து கூட உக்காருங்க"ன்னுச்சு. பெரிய ஆபீசருக்கு ஒரே சந்தோசம். சாரும் தலைவரும் ஓடிப்போயி அவரு பக்கத்துல உக்காந்துட்டாங்க. அக்கா கிடங்குக்குள்ளயே மூணு செங்கல்ல வச்சு வெறகு மூட்டுச்சு. சாங்கியம் முடியிற வரைக்கும் வெயிலு உள்ள வரக்கூடாதுன்னு கதவ ஒருக்களிச்சு வைக்கச் சொல்லுச்சு. வச்சவன் நான்தான்.

பொகை போறதுக்கு வழி வேணுமே? மொதல்ல இருமல் கேட்டுச்சு. அப்புறம் நாற்காலி விழுந்துச்சு. தலைவரு துண்டப் போட்டுட்டு ஓடியாந்தாரு. சார் கண்ணாடியத் தேடிக்கிட்டே வந்தாரு. பெரிய ஆபீசரு வெளிய வந்து ரிப்பனாலயே மூஞ்சியத் தொடச்சாரு. கடைசியா அக்கா, முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு, பொங்காத பாலத் தூக்கிக்கிட்டு வந்துச்சு.

"பால் பொங்குறதுக்குள்ள மூணு பேரும் வெளிய ஓடியாந்துட்டீங்க. என் விதை வைகாசி வரைக்கும் உள்ள கெடந்தா எங்க சார் ஓடும்?"

விதை பட்டறையிலயே இருந்துச்சு, வைகாசில அக்கா ஊனிடுச்சு, இனிமே கிடங்க இதே மாதிரிதான் கட்டணும்னு சார் டேப்ப எடுத்துக்கிட்டு பட்டறைய அளக்கப் போனாரு. நாட்டு வளர்ச்சிய அத்தன நாளு ஓட்டினவன்கற மொறைல சொல்றேன், முன்னாடி போனத விட ரிவர்ஸ்ல வந்ததுக்குத்தான் டீசல் சாஸ்தி புடிச்சுது.