பிரிட்ஜின் மேல் அந்தோனியார்

யூஜினாவுக்கு வயது நாற்பத்துமூன்று. கொட்டாஞ்சேனையில் பிறந்து, பதினாறு வருடங்களாகப் பிறருடைய கலாநிதிப் பட்டங்களுக்காக அங்கே வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஆய்வாளர்கள் விமானத்தில் வருவார்கள். கதவைத் தட்டுவது, கதைப்பது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது எல்லாம் இவள். பட்டம் அவர்களுக்கு. நன்றியுரையில் சாரதியின் பெயருக்குக் கீழே இவள் பெயர் வரும்.

தானும் ஒரு ஆய்வு மாணவியாக வேண்டுமென்பது அவளுடைய ஆசை. அதற்காகவே முப்பத்தெட்டு வயதில், வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படித்து, வெளிவாரிப் பட்டம் முடித்தாள். வெள்ளவத்தையில் நான் கிளாக்கராக இருக்கும் நிறுவனத்தில் சர்வதேச அபிவிருத்திக் கற்கைக்கு விண்ணப்பித்தாள். இந்த வருடத்தை விட்டால் வயதெல்லை தாண்டிவிடும்.

நேர்முகத்தில் இருந்தவர்கள் இருவர். தலைவர் நாகேந்திரம், வறுமையைப் பற்றி ஆறு நாடுகளில் பேசியவர். கொட்டாஞ்சேனைக்குக் கலியாண வீட்டுக்கு மட்டும் போனவர். மற்றவர் கலாநிதி கார்த்திகன். லண்டன் பட்டத்துக்காக யூஜினாவோடு நாற்பது வீடுகளுக்குப் போய்வந்த மனிதர். ஆனால் அவளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல உட்கார்ந்திருந்தார். நான் தேநீரை வைத்துவிட்டு, கோப்புத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு அங்கேயே நின்றேன்.

கார்த்திகனின் ஆய்வில் பேர்போன அத்தியாயம் ஒன்று உண்டு. நாற்பது வீடுகளில் முப்பத்தொன்றில் வெள்ளை விரிப்புப் போட்ட உயரமான பீடத்தில் அந்தோனியார் சுரூபம் இருந்ததாம். வறுமை கூடக்கூடப் பக்தியும் கூடுமாம். படங்கள் வேறு.

நாகேந்திரம் அதையே நீட்டி, "இதைப் பற்றி உங்கட கருத்து?" என்றார்.

"அது பீடம் இல்லை சேர். பிரிட்ஜ்."

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"படிவத்தோட ஆர் வந்தாலும் நிவாரணத்துக்குப் பதியத்தான் வருகினம் எண்டு சனம் நினைக்கும். பிரிட்ஜைக் கண்டா பேரை வெட்டிப்போடுவாங்கள். அதுதான் பெட்ஷீட்டால மூடி, மேல அந்தோனியாரை வைக்கிறது. அண்டைக்கே கார்த்திகன் சேருக்குச் சொன்னனான்."

"மிஸ், நீங்க சொல்றது அபிப்பிராயம். நான் எழுதினது தரவு," என்றார் கார்த்திகன். முப்பத்தொரு பிரிட்ஜ் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, ஜெபத்தின் அமைதியைப் பற்றிக் குறிப்பெடுத்த மனிதருக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்!

கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். 'போதிய கள ஆய்வு அனுபவமின்மையால்' நிராகரித்திருந்தார்கள். கை கூசியது. என்றாலும் அடித்தேன். நானும் அங்கே சம்பளம் வாங்குகிறவன்தானே.

மூன்று வாரம் கழித்து, புதிய மாணவர்களின் களப்பயிற்சிக்குக் கொட்டாஞ்சேனையில் வீடு காட்ட ஆள் தேவைப்பட்டது. "யூஜினாவைக் கேளும்," என்றார் நாகேந்திரம், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ. முதல் வீடு என்ட வீடு," என்றாள் அவள், நான் போன் எடுத்துக் கேட்டபோது.

கார்த்திகனோடு பன்னிரண்டு மாணவர்களும் நானும் வியர்த்து வழியப் போய்ச் சேர்ந்தோம். கூடத்து மூலையில் வெள்ளை விரிப்பு, மேலே அந்தோனியார், இரண்டு மெழுகுதிரி. கார்த்திகன் அதைக் கண்டதும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"வீட்டில பிரிட்ஜ் இருக்கா?" ஒரு மாணவி படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லை, பிள்ளை."

பன்னிரண்டு பேனாக்களும் எழுதின. யூஜினா எல்லோரும் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு விரிப்பைத் தூக்கி, அந்தோனியாருக்குக் கீழே கதவைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். முதல் கிளாஸைக் கார்த்திகனிடம் நீட்டினாள்.

"குடியுங்கோ சேர். தரவு நல்ல குளிரா இருக்கு."