ப்ளாட் கிடைக்காமல் தவிப்பவரா நீங்கள்?

போன வாரம் ஒரு நோட்டீஸ் போட்டேன். வாசகம் எழுதியது நான், அச்செடுத்தது நான், பசை தடவி ஒட்டியதும் நான். பழியைத் தூக்கி இன்னொருவர் மேல் போட வழியே இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விஷயம் இதுதான். நாவல், சிறுகதை எழுதுகிறவர்களுக்காக ஓர் ஆன்லைன் மாநாடு. அவரவர் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே பேசலாம், கேட்கலாம். கதைக்குச் சம்பவங்களை எப்படிக் கோப்பது என்பதுதான் பொருள். மதுரையில் ஒரு கல்லூரி ஆசிரியை ஏற்பாடு செய்கிறார். ரேவதி மேடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவுப் பக்கத்துப் பொறுப்பு என் தலையில்.

ஏன் என் தலையில்? போர்ட் பிளேர் ஹேடோவில், துறைமுக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் நெட் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவனை மாநாட்டுப் பொறுப்பாளன் ஆக்கியது இலக்கியம் அல்ல… மோடம்!

அதுவும் என்ன நெட்? எங்கள் நெட் வானத்துக்குப் போய், செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். குறுக்கே ஒரு மேகம் வந்தால் போச்சு. நான் சொல்லும் வணக்கம் மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மேடம் "சார், கேக்குதா? கேக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிடுவார். படம் வேறு அப்படியே உறைந்து நிற்கும். ஒரு நாள் மேடம் என் திரையில் தும்மப் போகிற முகத்தோடேயே அரை மணி நேரம் மாநாடு பற்றிப் பேசினார்.

தினமும் மத்தியானம் சோதனைக்காகப் பேசுவோம். முடிக்கும்போது தினமும் ஒரே கேள்வி.

"சார், உங்க பக்கம் எத்தனை பேர் பதிவு?"

தினமும் ஒரே பதில். "இன்னும் யாரும் இல்லீங்க மேடம்."

அந்த வெட்கத்தில்தான் நோட்டீஸ். மேடம் அனுப்பிய வாசகத்தில் 'கதைப்பின்னல்' என்று அழகாகத்தான் இருந்தது. நான்தான் மாற்றினேன். கதைப்பின்னல் என்றால் எந்த இளசு நின்று படிக்கும்? ப்ளாட் என்று போட்டால் கொஞ்சம் நவீனமாக இருக்குமே… கொட்டை எழுத்தில் இப்படி அடித்தேன்:

'ப்ளாட் கிடைக்காமல் தவிப்பவரா நீங்கள்? கவலை வேண்டாம்! ஆன்லைன் மாநாடு. பதிவு இலவசம். உடனே பெயர் கொடுங்கள்.'

கீழே என் கடை முகவரி. அதற்கும் கீழே 'கதை எழுதுவோருக்கு மட்டும்' என்று ஒரு வரி. டோனர் தீர்கிற நேரம், அந்த வரி மட்டும் ஆவி போல மங்கலாக விழுந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். கப்பல் ஏறுகிற ஜெட்டியில் டிக்கெட் கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று ரசிக்க வேறு செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம். மேடத்தோடு சோதனை நடக்கிறது. நான் மாநாட்டில் பேசுவதற்கு ஓர் உதாரணக் கதை வேண்டும் என்கிறார். அதற்கு அவரிடம் ஒரு சூத்திரம்.

"கதையில ஒரு ஆளுக்கு ஏதோ ஒண்ணு வேணும் சார். அது கிடைக்கத் தடை இருக்கணும். அந்தத் தடை அந்த ஆளோட கையாலயே வந்துட்டா ரொம்ப நல்லது."

நான் உதாரணத்தைத் தேடிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு குரல்.

"அண்ணே, ப்ளாட்டுக்கு இங்கதான் பேரு குடுக்கணுமா?"

ஆகா, முதல் பதிவு! நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைல். கையெழுத்துப் பிரதி என்று நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. எத்தனை வருஷமா முயற்சி பண்றீங்க?"

"அலை வந்ததுலேருந்துதாண்ணே."

"ஒண்ணுகூட அமையலையா?"

"எங்க… எழுதி எழுதிக் குடுத்துப் பாத்தாச்சு. கஹானி மத் சுனாவ்ங்கிறாங்க."

கதை சொல்லாதே என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எழுதுறவங்ககிட்டயே அப்படிச் சொன்னாங்களா? எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகையா? ஆபீஸ்லண்ணே. எடம் குடுக்கற ஆபீஸ்ல."

அப்போதுதான் உறைத்தது.

இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பஸ்ஸில், ஜெட்டியில், டீக்கடையில் யார் எது சொன்னாலும் நோட்டில் குறித்துக்கொண்டு கதை எழுதிப் பார்க்கிறவன். இங்கே பிள்ளை பிறந்ததைக்கூட 'அலைக்கு முன்னாடி', 'அலைக்குப் பின்னாடி' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சுனாமி அலைக்குப் பின்னாடி ப்ளாட் என்ற சொல்லுக்குத் தீவில் ஒரே அர்த்தம்தானே? வீடு போனவர்களுக்கு ஒதுக்கித் தருகிற மனை. அவர்களைத் தங்க வைத்திருக்கும் தகரக் கொட்டகைகளில் காலையில் எழுந்ததும் பேசுகிற பேச்சே அதுதானே? அதைப் போய் நான்…

உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் ஃபைலைப் பிரித்துப் பேசத் தொடங்கிவிட்டார்.

பெயர் மாரியாயி. கச்சால் தீவு. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் வேலை. புருஷன், ஒரே மகள்.

"வயித்துல கட்டி, எடுக்கணும்னு போர்ட் பிளேருக்கு அனுப்பினாங்கண்ணே. வெள்ளிக்கெழம வந்து சேந்தேன். ஞாயித்துக்கெழம காலையில ஆஸ்பத்திரிக் கட்டில் ஆடுது. எனக்குத்தான் மயக்கமாக்கும்னு கண்ண மூடிப் படுத்துக்கிட்டேன்."

ஃபைலின் ஓரத்தை நீவிவிட்டார்.

"ரெண்டு பேருமே கெடைக்கல."

அடுத்த தாளைப் புரட்டினார்.

"எடத்துக்கு எழுதிப் போட்டப்ப, கச்சால்காரின்னு ஆதாரம் குடுன்னாங்க. தோட்டத்து லயத்து வீடு போச்சு, ரேஷன் கார்டு போச்சு. எங்கிட்ட மிஞ்சினது இந்தக் கப்பல் டிக்கெட்டு ஒண்ணுதான். இதுல கச்சால்னு போட்டிருக்கில்ல? நானே கொண்டுபோய்க் குடுத்தேன். பாத்துட்டு, உஸ் தின் தும் உதர் நஹீ தாங்கிறாங்க. அன்னைக்கு நான் அங்க இல்லையாம். இல்லாதவளுக்கு எதுக்கு எடம்னுட்டாங்க."

இப்போது இருப்பது கொழுந்தனார் பெயரில் உள்ள கொட்டகை. அடுத்த மாதம் அதைப் பிரிக்கப் போகிறார்கள். கொழுந்தனார் குடும்பத்துக்கு இடம் வந்துவிட்டது. மாரியாயிக்கு இல்லை.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம், கச்சாலிலிருந்து போர்ட் பிளேர். திருப்பினால் பால்பாயிண்ட் பேனாவில் ஆண் கையெழுத்து. 'கொசுவலை ஒன்று. டார்ச் பேட்டரி இரண்டு. பாப்பாவுக்குச் செருப்பு, போன தடவையைவிட ஒரு நம்பர் பெரிசு.'

"இந்தப் பக்கத்தையும் அவங்ககிட்டக் காட்டினீங்களா?"

"முன்பக்கம் போதும்னுட்டாங்கண்ணே."

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பேசியது. லைன் திறந்தே கிடப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"சார்! சூப்பர் சார்! தடை அவங்க கையாலயே வருது பாருங்க… அருமையான ப்ளாட் சார்! இதையே குடுத்துருவோம். முடிவு பண்ணியாச்சு!"

மேடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பக்கம் என் முகம்தான் உறைந்து நின்றிருக்கும். கேட்டிருந்த உதாரணக் கதையை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "மேடம், இது கதை இல்ல—" என்று நான் பதறுவதற்குள் மேகம் வந்துவிட்டது. லைன் கட்.

மாரியாயி எழுந்து நின்றுவிட்டார்.

"குடுத்துட்டாங்களாண்ணே? அந்தம்மா மெயின்லாண்டு ஆபீசரா?"

போன லைனைத் திரும்பப் பிடிக்க நான் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அருமையான ப்ளாட்டுன்னாங்களே! எந்தப் பக்கம்ணே? எங்கன்னாலும் சரி… கடல் தெரியாத எடமா இருந்தாப் போதும்."

போர்ட் பிளேரில் கடல் தெரியாத இடம் எது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. அந்த நிமிடம் யோசித்தேன்.

சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். நாவல், சிறுகதை, சம்பவங்களைக் கோப்பது, அதற்கு இங்கிலீஷில் அப்படி ஒரு பெயர்… நாளைக்கு மாநாட்டில் கம்பீரமாகப் பேச வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக அசிங்கமாகிக்கொண்டே வந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

"மத்லப்… அதாவது, கதையில வர்ற ப்ளாட்டு."

"ஆமாம்மா. தப்பு என்மேலதான்."

"அதுல யாரும் குடியிருக்க முடியாது."

"முடியாதும்மா."

ஃபைலை மூடி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"கதைன்னா மாத்தி எழுதலாம் தானேண்ணே?"

"எழுதலாம்."

"அப்ப ஒண்ணு செய்ங்க. அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்னு எழுதிக் குடுங்க."

மனு எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்புதான். ஒரே வரி. கப்பலை நாலு நாள் பின்னால் தள்ளிவிட்டால் போதும். கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் டிக்கெட்டின் நகல் அந்த ஆபீஸ் ஃபைலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதைவிட, அன்றைக்கு அவர் அங்கே இருந்திருந்தால்…

"இருந்திருந்தா, நீங்களும்…" என்று இழுத்தேன்.

"இருந்திருந்தா எடமே வேணாமேண்ணே."

மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கொசுவலையும் செருப்பும் இருக்கிற பக்கத்தை மேலே வைத்துப் பின் அடித்தேன். வீடு இல்லாத ஊருக்கு யாராவது கொசுவலை வாங்கிவரச் சொல்வார்களா? படிக்கிறவர் அதை யோசிப்பாரா, வெறுமே புரட்டிவிடுவாரா? எனக்குத் தெரியாது. நான் முடிவு எழுதக்கூடிய கதை இல்லையே இது.

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அந்த நோட்டீச எடுத்துருங்க. கொட்டகையில எல்லாரும் பாத்துட்டாங்க."

கடையைச் சாத்தாமலே ஜெட்டிக்கு ஓடினேன். நோட்டீஸ் இருந்தது. கீழே நான் விட்டிருந்த வெள்ளை இடம் இல்லை. முழுக்கப் பெயர்கள். தமிழில், ஹிந்தியில், ஒன்றிரண்டு வங்காளத்தில்… தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கொட்டகை நம்பர். முதல் பெயர் மாரியாயி. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம்பர் போட வேண்டிய இடத்தில் கச்சால் என்று மட்டும்.

கிழியாமல் உரித்து எடுக்கும்போது செல்போன் அடித்தது.

"சார், லைன் போயிருச்சு. அந்தக் கதைக்கு முடிவு என்ன சார்?… சரி, அது இருக்கட்டும். பதிவு எத்தனை?"

எண்ணிப் பார்த்தேன்.

"பதினாலு பேர் மேடம்."

"அட! எல்லாரும் எழுதுறவங்களா சார்?"

"ஆமாங்க மேடம். வருஷக்கணக்கா எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. பதில்தான் வரல."