களக்காட்டுக்குத் துணிந்தவர்

"வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம் எதுவோ, அங்கன என்னையத் தூக்கிப் போடட்டும். மறுபேச்சில்லாமப் போவேன்!" என்று தச்சநல்லூர் ஆசிரியர் கூட்டத்தில் குமரகுருபரன் முழங்கினார். அவருடைய தலைமை ஆசிரியனான நான்தான் பலமாகக் கைதட்டினேன். மாநிலத்தின் ஆசிரியர் பற்றாக்குறை அன்றைக்கே பாதி தீர்ந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

தொண்ணூற்றெட்டில் அரசாணையே வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் குறைந்தால், கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர் ஆளில்லாத கிராமத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு பிள்ளை குறைந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் குமரகுருபரன்.

"களக்காட்டுப் பக்கம் மலையடிவாரம் வே. காத்து நல்லா இருக்கும்," என்றேன்.

"ஆபீசுக்குக் கணக்கைப் பைய எழுதி அனுப்பலாம் சார். என்ன அவசரம் கெடக்கு?" என்றார்.

மறுநாள் காலை மகள் விஜயஸ்ரீயைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கான்வென்டில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. கழுத்தில் டை அப்படியே இருந்தது.

"டி.சி. வாங்கியாச்சு சார். சேத்துக்கிடுங்க," என்றார், சுவரைப் பார்த்து.

நான் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன். என் பையனும் அதே கான்வென்டில்தான் படிக்கிறான்.

வகுப்பில் அவர் வருகைப் பதிவு எடுத்தார். கடைசிப் பெயரை மட்டும் மெதுவாகக் கூப்பிட்டார்.

"பிரசன்ட் மிஸ்!" என்றாள் விஜயஸ்ரீ.