மொழிபெயர்ப்பு வசதி உண்டு

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில், எங்கள் துறையிலிருந்து மாதா மாதம் ஒரு தாள் போகும். ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று தலைப்பு. அதை டைப் அடித்து, ஸ்டென்சில் வெட்டி, மை பூசி நகலெடுத்து எல்லாத் துறைகளுக்கும் அனுப்புவது என் வேலை. எண்பதுகளின் பின்பாதியில் மூன்று வருஷம் அதைச் செய்தேன். தற்காலிக டைப்பிஸ்ட் என்று பெயர்.

கவிதை பற்றிச் சொற்பொழிவு, சிற்பம் பற்றிக் கருத்தரங்கு, நாட்டுப்புறப் பாடல் பற்றிப் பயிலரங்கு என்று தாள் நிறைய இருக்கும். எல்லாவற்றுக்கும் பத்தரை மணி என்று போடுவேன். பதினொன்றேகாலுக்குத் தொடங்குவார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக ஒரு மணிக்கு முடித்துவிடுவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, சிறப்புரை, நன்றியுரை. இத்தனை உரைக்கு நடுவில் கவிதைக்குப் பத்து நிமிஷம் மிஞ்சினால் அதன் அதிர்ஷ்டம். பார்வையாளர்கள் தானாக வரமாட்டார்கள் என்பதால் வகுப்பிலிருந்து பிள்ளைகளை ஓட்டி வந்து உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார்கள். வாழ்த்துரைக்காரர்களில் யார் பெயர் யாருக்கு மேலே வர வேண்டும் என்று என் மேஜைக்கு முன்னால் நடந்த சண்டைகள்தான் அந்தத் துறையில் நான் பார்த்த உயிருள்ள கலை.

துறைத் தலைவர் மலைவாழ் மக்களைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். ஏற்காட்டு ஏரியில் படகு ஓட்டியதைத் தவிர மலையில் அவர் வேறு என்ன ஆராய்ச்சி செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்த முதல் நாள், டீ வேளையில், மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவன் ரயிலைப் பார்த்துக் கும்பிட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்து, எந்த ஊரம்மா என்றார். சேலம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில். எங்கள் சனத்துக்கு மலையாளி என்று பெயர். மலையில் இருப்பவர்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சாமையும் ராகியும் விதைப்போம், கொஞ்சம் காப்பிச்செடியும் பலாவும் இருக்கும். பேசுவது சேலத்துக்காரர் பேசுகிற அதே தமிழ். கேரளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப்பேர் வானத்தைப் பார்ப்பார்கள்.

கீழே தார் உருகிய ஒரு மே மாதத்தில் துறைத் தலைவருக்கு மலைவாழ் மக்களின் கலை மீது திடீரென்று அக்கறை பிறந்தது. ஏற்காட்டில் இரண்டு நாள் விழா. பேராசிரியர்கள் குடும்பத்தோடு வரலாம். கலைக்கு அவ்வளவு குளிர்ச்சி தேவைப்பட்டது. தாளுக்கான வாசகத்தை அவர் நின்றுகொண்டே சொன்னார். ‘மலையாள மொழி பேசும் ஏற்காடு மலைவாழ் மக்களின் மேளமும் ஆட்டமும். மொழிபெயர்ப்பு வசதி உண்டு.’

என் விரல் நின்றுவிட்டது. இரண்டு புத்தகம் எழுதிய மனுஷன். மலையாளி என்ற சொல்லைக் கேட்டதும் நேராகப் பாலக்காட்டைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறார். என்னம்மா யோசனை, அடியுங்கள் என்றார். அடித்தேன்.

முன்பு ஒரு தடவை அவர் எழுத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்து அடித்துக் கொடுத்ததற்கு, உங்களை டைப் அடிக்கத்தானே வைத்திருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்த ரோஷத்தில் பேசாமல் இருந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. தப்பைச் சொன்னால், உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்பார், சேலம் என்ற பொய் வெளியே வரும். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிற கடிதத்தை விழா முடிந்ததும் அனுப்புவதாக வேறு சொல்லியிருந்தார். இன்னொன்றும் உண்டு. மேடையில் நாலு பேர் முன்னால் அந்த ஆள் மூக்குடைபட வேண்டும், நான் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை எனக்கு இனித்தது.

மேளக்காரர்களை ஏற்பாடு செய்யும் வேலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஒரு ரைட்டரிடம் போயிருந்தது. அவர் போய்ச் சொன்னது எங்கள் ஊரில். அந்த ஊர் மேளத்தில் முதல் ஆள் என் அண்ணன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போயிருந்தேன். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே வாரம், தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, வரமுடியாதென்று ரைட்டரிடம் சொல்லியனுப்பிவிட்டேன் என்றார் அண்ணன். அப்படியே விட்டிருக்கலாம். நான்தான் வாயை அடக்காமல், அது எங்கள் ஆபீஸ் விழா என்றேன்.

“உன்ற ஆபீஸா கண்ணு? மொதல்லயே சொல்றதுக்கென்ன? அப்ப வராம இருப்பமா.”

மறுபடி ரைட்டரிடம் ஆள் அனுப்பினார். தங்கச்சி ஆபீஸுக்குப் போகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டார்.

விழா அன்று மண்டபத்தில் எல்லோருக்கும் சட்டையில் குத்துகிற பேட்ஜ் கொடுத்தார்கள். நான் என்னுடையதைச் சேலையில் குத்திக்கொண்டு வாசலில் பெயர் பதிகிற மேஜையில் உட்கார்ந்தேன். அண்ணன் ஒன்பது பேரோடு வந்தார். புது வேட்டி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. துறைத் தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் நோட்டுக்குள் குனிந்துகொண்டேன். வேலையாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பார், பேசாமல் உள்ளே போனார்.

மொழிபெயர்க்க வந்திருந்தவர் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர், கேரளத்துக்காரர். ஐந்து உரை முடிந்த பிறகு மேளக்காரர்களை மேடையேற்றினார்கள். அவர்களை மலையாளத்தில் வரவேற்கும்படி துறைத் தலைவர் சொல்ல, டீச்சரும் வரவேற்றார். பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன் மைக்குக்குப் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க, இந்த டீச்சரம்மா என்னமோ சொல்றாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. தமிழ்ல சொன்னா நொம்ப நல்லதுங்க.”

வந்தது நேரம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்குச் சறுக்கவே இல்லை. துறைத் தலைவர் அண்ணன் தோளில் கைபோட்டுக்கொண்டு சபையைப் பார்த்து, இந்த எளிய மக்கள் தமிழை எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். சபை கைதட்டியது. தன் தாய்மொழியைப் பேசியதற்காக என் அண்ணன் மேளத்தைக் கட்டிக்கொண்டு கைதட்டு வாங்கி நின்றார். மூக்குடைபட வேண்டியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். சூடு பிடிப்பதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டதென்று நிறுத்தினார்கள். கலைஞர்களுக்குச் சான்றிதழ் உண்டு, அவர்களின் பெயரும் தகப்பன் பெயரும் வேண்டும் என்றார் துறைத் தலைவர். நான் நோட்டோடு மேடை ஓரத்துக்குப் போனேன். டீச்சர் என்னை மறித்தார். அந்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. இவர்கள் தமிழர்களாயிற்றே, இது பெரிய தப்பு, சாரிடம் யாராவது சொல்ல வேண்டாமா என்று கேட்டார். பிறகு என் பேச்சில் என்ன கேட்டதோ, நீங்கள் இந்த மலைக்காரரா என்றார்.

துறைத் தலைவர் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்.

“இல்லைங்க டீச்சர். எனக்குச் சேலம்.”

திரும்பினேன். அண்ணன் இரண்டு அடி தள்ளி மேளத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றிருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழி தெரியாத ஊரில் வந்து இறங்கினவர் பார்ப்பது மாதிரி பார்த்தார். எனக்கு நோட்டைத் திறக்க வேண்டியிருந்தது, திறந்தேன். பெயர் என்று கேட்டேன்.

தன் பெயரைச் சொன்னார். எழுதினேன். தகப்பன் பெயர் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“எங்கப்பன் பேரு உங்களுக்குத் தெரியாதுங்களே மேடம். மெதுவாச் சொல்றேன், எழுதிக்குங்க.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். என் சேலையில் குத்தியிருந்த பேட்ஜில் என் பெயருக்கு முன்னால் அதே முதலெழுத்து இருந்தது. துறைத் தலைவர் வந்து நோட்டை எட்டிப்பார்த்து, பெயரெல்லாம் பிழையில்லாமல் இருக்கிறதா, இந்த மக்கள் விஷயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்றார். சரியாக இருக்குங்க சார் என்றேன். அந்த ஆளை அன்றுவரை கேவலமாக நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது, அதனால் தப்புச் செய்தார். எனக்குத் தெரியும்.

ஜூலையில் வேலை நிரந்தரமாயிற்று. ஊருக்குப் போய் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அழுவாத, போனாப் போவுது என்றார், அண்ணியிடம் சாப்பாடு போடச் சொன்னார், பஸ்ஸுக்குக் கூடவே வந்து ஏற்றிவிட்டார். அப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு குறையும் வைத்ததில்லை. கண்ணு என்று மட்டும் கூப்பிடவில்லை.