கனாக்காரி பார்த்த சிறு மேடு

மருந்து ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கனாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கருவி வரைபடத்தை வரைந்து முடிக்கும்வரை கன்னத்தில் கைவைத்து எங்கோ போய்விடுவாள். எங்கே போனாய் என்று கேட்டால், ரத்தத்துக்குள் என்பாள்.

அங்கே தயாரானது ஹெப்பாரின், ரத்தத்தை உறையவிடாத மருந்து. பன்றிக் குடலின் உட்சவ்வை வழித்து, பக்குவம் செய்து, வடித்து எடுக்கிற வெள்ளைப் பொடி. அவள் கண்ணுக்கு அது பொடியாகத் தெரிந்ததே இல்லை. நீளநீளமான சங்கிலிகள். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கைகோத்து, கந்தகக் குஞ்சங்களைத் தொங்கவிட்டபடி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாசிபோல் மிதக்கும். சில சங்கிலிகளில் மட்டும் ஐந்து சர்க்கரைகள் ஒரு தனி ஒழுங்கில் வந்து அமையும். ரத்தத்தில் திரியும் ஒரு புரதம் அந்த ஐந்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். பற்றியதும் உறைதல் நின்றுவிடும். இதை அவள் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். பேருந்து ஓட்டும் கணவன், கல்யாணத்தன்றுகூட நீ இப்படி மெய்மறந்து நிற்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வான்.

ஒருநாள் காலை வந்த பொடியின் வரைபடத்தில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தது. பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டிய சிகரம் தோள் தொங்கி நின்றது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும் அதே மேடு. சில சர்க்கரைகளில் ஒரு குஞ்சம் குறைந்திருந்தது. அப்படிக் குறைவது மாட்டுக் குடலிலிருந்து எடுத்த பொடியில்தான்.

வீரியச் சோதனையில் பொடி எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு தேறியிருந்தது. அதை வெளியே அனுப்பும் தாளில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். மேலாளர் தானே கூடத்துக்கு வந்தார்.

“அதான் தேறிடுச்சேம்மா. மாடோ பன்றியோ, ரத்தம் உறையாம இருந்தா சரிதானே?”

“உறையாது சார். ஆனா ஆபரேஷன் முடிஞ்சதும் இதோட வேலைய நிறுத்த ஒரு மருந்து போடுவாங்க. மாட்டுப் பொடிக்கு அது கூடுதலா வேணும். பன்றின்னு நம்பி போட்டா பத்தாது. ரத்தம் நிக்காது.”

அவர் அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, நீயே போய் எங்கே கலந்தது என்று கண்டுபிடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ரயிலில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து குடல் கழுவும் கூடத்துக்குப் போனாள். ஈரத் தரை, எஃகு மேசை, ஆவி. முழங்கைவரை உறை போட்ட ஒரு அக்கா குடலை வழித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஆச்சரியப்படவில்லை.

“மாட்டுது கைக்குத் தடிப்பா இருக்கும். குடல் பீப்பா மாறி வந்திருக்குன்னு அன்னிக்கே சொன்னேன். குடல் குடல்தானேன்னுட்டாங்க.”

கனாக்காரி ஒரு துண்டுச் சவ்வை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த மெல்லிய ஈரத்துக்குள், தூசியைவிடச் சிறிய உயிரணுக்கள் சின்னச் சின்னப் பைகளில் சங்கிலிகளை மடித்து வைத்திருக்கும் என்று படித்திருந்தாள். பதினோரு வருஷமாகப் பொடியை மட்டுமே பார்த்தவள், அது பிறக்கும் இடத்தை அன்றுதான் தொட்டாள். சவ்வு விரல்களினூடே மெல்ல நழுவியது. அவள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, அக்கா சிரிக்காமல் காத்திருந்தாள். பிறகு, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். கனாக்காரி ஈர மேசையில் விரலால், ரத்தத்தை உறையவிடாத அந்த ஐந்து கண்ணிகளை வரைந்து காட்டினாள்.

“இவ்வளவு நாளா இதையா வழிச்சுக்கிட்டிருந்தேன்?” என்று அக்கா குனிந்து பார்த்தாள். தண்ணீர் ஓடி வந்து கோடுகளை அழித்தது.

திரும்பும்போது கனாக்காரி தன் நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டாள். அந்தப் பொடி முழுவதும் அழிக்கப்பட்டது. மேலாளர் பாராட்டவில்லை, சில வாரம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து கழுவும் கூடத்தில் ஒவ்வொரு பீப்பாயிலும் அக்கா கையை விட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள்.